வெண்பனி வீதியிற் சிறிய மோட்டார் வண்டி

தமிழிலே பனி என்னுஞ் சொல் அகன்ற பொருளுடையது. மார்கழி விடியலிற் புல்நுனியிலே துளித்து நிற்பதும் பனி; மலைநாட்டுப் பள்ளத்தாக்கை மூடிக் கிடப்பதும் பனி; நுவரெலியாவிலே தை மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளிற் சில வேளை உருளைக்கிழங்குச் செடியைக் கருகச் செய்வதும் பனியே. ஆயின் கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் குளிர்காலத்தில் வானினின்று பஞ்சுபோல இறங்கி, முழங்காலளவு குவிந்து, பல நாட் கரையாது கிடக்கும் வெண்பனி இவற்றினின்றும் வேறானது. இலங்கைத் தமிழருக்கு அது நெடுங்காலம் பாடநூலிற் படித்த பொருளாகவே இருந்தது. 1983ஆம் ஆண்டிற்குப் பின்னர் அவருட் பல்லாயிரவர் ரொறன்ரோ, ஒஸ்லோ, சூரிச்சு முதலாய நகரங்களிற் குடியேறினர். யாழ்ப்பாணத்து வீதிகளிலே துவிச்சக்கர வண்டியும் மொறிஸ் மைனரும் செலுத்திப் பழகியோர், வெண்பனி மூடிய வீதியிற் கார் செலுத்த நேர்ந்தது.

அங்ஙனஞ் செலுத்துவோரிடையே ஒரு கருத்து வழங்குகின்றது. வெண்பனிக்குப் பெரிய வண்டியே ஏற்றது, சிறிய கார் உதவாது என்பதே அது. இக்கருத்திலே ஒரு பாதி பிழை. மறு பாதி உண்மை. பிழையான பாதியை நம்புவோன் வீதியோரப் பள்ளத்திலே கிடப்பான். உண்மையான பாதியை மறப்போனும் அதன் அருகிலேயே கிடப்பான். ஆதலின் இரண்டினையும் பிரித்தறிதல் வேண்டும். அதற்கு முதலிற் பனிக்கட்டி ஏன் வழுக்குகின்றது என்பதை நோக்குதல் பொருத்தமாகும்.

பாடநூல்கள் இவ்வினாவுக்கு நெடுங்காலமாக ஒரு விடை கூறிவந்தன. அமுக்கங் கூடும்போது பனிக்கட்டியின் உருகுநிலை குறையும். சறுக்கணியின் கூரிய அலகின் கீழும் காரின் ரயரின் கீழும் பனிக்கட்டி இவ்வாறு உருகி நீராகின்றது. அந்நீரே வழுக்கச் செய்கின்றது என்பதே அவ்விடை. அமுக்கத்தால் உருகுநிலை குறையும் என்பது 1849இல் ஜேம்ஸ் தொம்சன் கணித்துரைத்த உண்மை, அதில் ஐயமில்லை. ஆயின் குறையும் அளவினை நோக்குக. ஒரு வளிமண்டல அமுக்கத்துக்கு ஏறத்தாழ 0.0075 பாகை செல்சியசு மாத்திரமே குறையும். சிறிய காரின் ரயரிலுள்ள காற்றின் அமுக்கம் ஏறக்குறைய இரண்டு வளிமண்டலம். வீதியின்மீது ரயர் செலுத்தும் அமுக்கமும் ஏறக்குறைய அவ்வளவினதே. எனவே உருகுநிலை ஒரு பாகையின் நூறில் ஒன்றரைப் பங்கு அளவே தாழும். பூச்சியத்தின் கீழ் 10 பாகையிலே கிடக்கும் பனிக்கட்டியை இவ்வமுக்கம் ஒருபோதும் உருக்கமாட்டாது.

வேறொரு விடையை 1850இல் மைக்கல் பரடே உணர்த்தினார். இரு பனிக்கட்டித் துண்டுகளைப் பொருத்தி வைத்தால் அவை ஒன்றாய் ஒட்டிக்கொள்ளுதலைக் கண்ட அவர், உருகுநிலைக்குக் கீழேயும் பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர்போன்ற மெல்லிய படை ஒன்று உண்டெனக் கருதினார். உள்ளேயுள்ள மூலக்கூறு எப்புறமும் பிணைக்கப்பட்டிருக்க, மேற்பரப்பிலுள்ளதோ ஒருபுறம் பிணைப்பின்றித் தளர்ந்து நிற்கின்றது. இத்தளர்ச்சியோடு உராய்வினாற் பிறக்கும் வெப்பமுஞ் சேர்கின்றது. பௌடன், ஹியூஸ் என்னும் இருவர் சுவிற்சர்லாந்தின் உயர்மலைப் பனிக்குகையிலே செய்த பரிசோதனைகளைக் கொண்டு இதனை 1939இல் வற்புறுத்தினர். இவற்றுள் எதன் பங்கு எவ்வளவு என்னும் வாதம் பௌதிகவியலாரிடையே இன்னும் ஓய்ந்தபாடில்லை.

வாதம் எவ்வாறாயினும் சாரதிக்கு வேண்டிய முடிபு தெளிவானது. கடுங்குளிரிற் கிடக்கும் பனியைக் காட்டிலும் பூச்சியத்தை அடுத்து நிற்கும் பனியே கூடுதலாக வழுக்கும். பூச்சியத்தின் கீழ் 20 பாகையிலே வெண்பனி காலடியிற் கிறீச்சிட்டு மணல்போல ஓரளவு பிடி கொடுக்கும். பகலில் உருகி மாலையில் மீண்டும் உறையும் நாளிலோ அது எண்ணெய் பூசிய கண்ணாடியை ஒக்கும். புதிதாகக் குடியேறியோர் கடுங்குளிர் நாளில் நடுங்கி ஊர்ந்து சென்று, இளங்குளிர் நாளிற் கவலையின்றி விரைவர். அச்சத்தை இடம்மாற்றி வைத்துக்கொள்ளுதல் அவர்க்கு நன்மை தரும். பாலங்களிலே இன்னுங் கவனம் வேண்டும். மேலுங் கீழும் குளிர்காற்றுப் படுதலால், மற்றை வீதி ஈரமாய் இருக்கும்போதே பாலத்தின் தளம் உறைந்துவிடும். அவ்வாறு உறைந்த மெல்லிய படை கண்ணுக்குப் புலப்படாது. அதனூடே தெரிவது தாரின் கருமையே.

இனி உராய்வின் அளவுக்கு வருவோம். ரயருக்கும் வீதிக்கும் இடையேயுள்ள உராய்வுக் குணகம் உலர்ந்த தார் வீதியில் ஏறத்தாழ 0.7, இறுகிய வெண்பனியில் ஏறத்தாழ 0.2, பனிக்கட்டியில் 0.1, சில வேளை அதனினுங் குறைவு. காரைப் புறப்படச் செய்தல், திருப்புதல், நிறுத்துதல் என்னும் மூன்று தொழில்களும் இந்த ஒரே முதலிலிருந்து செலவாகின்றன. சிறு சம்பளக்காரன் வீட்டுக் கணக்குப்போல, ஒன்றிற்கு முழுவதையுஞ் செலவிட்டால் மற்றையவற்றிற்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. வளைவின் நடுவிலே பிறேக்கை மிதிப்பவனுடைய கார், சுக்கானைத் திருப்பியும் திரும்பாது நேரே சென்று வேலியில் மோதுவது இதனாலேயே.

காரொன்று நிற்பதற்கு வேண்டிய தூரம், கதியின் வர்க்கத்தை உராய்வுக் குணகம், புவியீர்ப்பு ஆர்முடுகல் ஆகியவற்றின் பெருக்கத்தின் இருமடங்காற் பிரிக்கக் கிடைக்கும். உயர்தர வகுப்பு மாணவர் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீற்றர் கதியிற் செல்லும் கார் உலர்ந்த வீதியில் 14 மீற்றரில் நிற்கும். இறுகிய வெண்பனியில் 49 மீற்றர் வேண்டும். பனிக்கட்டியில் 98 மீற்றர் வேண்டும். ஆபத்தைக் கண்ட சாரதியின் கால் பிறேக்கைச் சென்றடையும் ஒரு செக்கனில் ஓடிவிடும் 14 மீற்றர் இக்கணக்கிற் சேரவில்லை. கதியை 30 கிலோமீற்றராகக் குறைத்தாலோ வெண்பனியில் வேண்டிய தூரம் 18 மீற்றராகச் சுருங்கும். கதியிற் குறைத்தது ஐந்தில் இரண்டு பங்கு. தூரத்திற் குறைந்ததோ மூன்றில் இரண்டு பங்கிற்கு அண்மித்தது. பாடசாலை வாசலிற் குறுக்கே ஓடும் பிள்ளைக்கும் காருக்கும் இடையே 25 மீற்றர் இருக்குமாயின், அப்பிள்ளையின் உயிர் தங்கியிருப்பது இவ்வேறுபாட்டிலேயாகும். அங்கு 30 கிலோமீற்றரினுங் குறைந்த கதியே தகும். முற்கூறிய ஒரு செக்கனையும் கூட்டிப் பார்ப்போருக்கு அது விளங்கும்.

இக்கணக்கிலே ஓரிடத்திலும் திணிவு வரவில்லை என்பதைக் கவனிக்க. பாரமான வண்டி வீதியைக் கூடிய நிறையோடு அழுத்துதலால் உராய்வு விசையுங் கூடும். ஆயின் நிறுத்தப்பட வேண்டிய திணிவும் அதே விகிதத்திற் கூடியது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டிவிடுகின்றன. 700 கிலோகிராம் நிறையுள்ள சிறிய காரும் 2,500 கிலோகிராம் நிறையுள்ள பெரிய வண்டியும் ஒத்த ரயர் பூட்டியிருப்பின் ஏறக்குறைய ஒரே தூரத்திலேதான் நிற்கும். பெரிய வண்டிகள் பலவற்றில் எஞ்சின் நான்கு சில்லுகளையும் இயக்குகின்றது. புறப்படுவதற்கும் மேடேறுவதற்கும் அது பெருந்துணை. ஆயின் பிறேக்கு எல்லாக் கார்களிலும் நான்கு சில்லுகளிலேயே உண்டு. அதிற் பெரியதற்குத் தனிச் சலுகை இல்லை. எளிதாகப் புறப்பட்ட வண்டி எளிதாக நிற்கும் என்று எண்ணுவதே நாற்சில்லு இயக்கத்தின் சாரதிக்குள்ள மயக்கம். பனிப்புயல் ஓய்ந்த மறுநாட் காலையிற் பள்ளத்திலிருந்து இழுத்தெடுக்கப்படும் வண்டிகளிடையே அவையும் இருத்தலுக்குக் காரணம் இதுவே.

சிறிய கார் உதவாது என்னும் கூற்றினை வரலாறும் மறுக்கின்றது. 1956இல் சுயெஸ் நெருக்கடியால் இங்கிலாந்திற் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. அதன் விளைவாக அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வரைந்த மினி 1959இல் வெளிவந்தது. பத்து அடி நீளம், பத்து அங்குலச் சில்லு, 848 கன சென்ரிமீற்றர் எஞ்சின், அவ்வளவே. ஆயின் அவ்வெஞ்சின் குறுக்காக முன்புறத்தில் வைக்கப்பட்டு முன்சில்லுகளையே இயக்கிற்று. காரின் நிறையிற் பெரும்பங்கு இயங்கு சில்லுகளின்மீது அமர்ந்தமையால், வழுக்கும் வீதியிலும் அவை பிடியை இழக்கவில்லை. எஞ்சினை முன்னே வைத்துப் பின்சில்லை இயக்கும் மொறிஸ் மைனர் போன்ற கார்களோ, பின்னாசனத்தில் ஆளில்லாதபோது வெண்பனியிற் சில்லுச் சுழன்று நின்றுவிடும். அதனாலே அவற்றின் பின்பெட்டியில் மண்மூட்டை ஏற்றிச் செல்வாரும் உண்டு. வொக்ஸ்வாகன் வண்டு வேறு வழியால் இதே பயனைப் பெற்றது. அதில் எஞ்சினும் பின்னே, இயங்கு சில்லும் பின்னே.

மொன்ரே காலோ மோட்டார்ப் போட்டி குளிர்காலத்தில், அல்ப்ஸ் மலைச்சாரலின் பனிவீதிகளில் நடைபெறுவது. 1962இலும் 1963இலும் அதில் வென்றது எரிக் கால்சன் செலுத்திய சாப் 96 என்னும் சுவீடன் நாட்டுச் சிறிய கார். அதுவும் முன்சில்லு இயக்கமுடையதே. 1964இல் பாடி ஹொப்கேர்க் மின்ஸ்க் நகரிலிருந்து புறப்பட்டு மினியில் வென்றார். 1965இல் பனிப்புயல் கடுமையாய் வீச, புறப்பட்டோரிற் பெரும்பாலார் வழியிலே தங்கிவிட, பின்லாந்தைச் சேர்ந்த ரிமோ மக்கினன் மினியோடு முதலாவதாய் வந்தார். 1966இல் முன்விளக்குகள் விதிக்கு முரணானவை என மினிகள் நீக்கப்பட்டன. அத்தீர்ப்பினைக் குறித்து அக்காலத்தில் எழுந்த மனக்கசப்பு ஒரு தனிக்கதை. 1967இல் மீண்டும் மினியே வென்றது. போட்டிச் சாரதியின் திறமையும் கூரிய ஆணி பதித்த ரயரும் இவ்வெற்றிகளுக்குத் துணைநின்றன என்பதை மறைத்தல் ஆகாது. ஆயினும் பலமடங்கு வலிய எஞ்சினுள்ள கார்கள் அவற்றின் பின்னே வந்தமையும் உண்மை. வீதி பிடி கொடாதவிடத்து வலிய எஞ்சின் சில்லைச் சுழற்றுமேயன்றிக் காரை நகர்த்தாது.

சிறிய காரின் ரயர் ஒடுங்கியது என்பதும் ஒரு நன்மையே. புதிதாய்ப் பெய்த மென்பனியின் மேல் அகன்ற ரயர் மிதக்கும். ஒடுங்கிய ரயரோ அதனை வெட்டிக்கொண்டு கீழுள்ள உறுதியான தளத்தைச் சென்று பிடிக்கும். இக்காலத்துச் சிறிய கார்களுக்கு அழகின் பொருட்டு அகன்ற ரயர் பூட்டும் வழக்கம் வெண்பனி நாட்டுக்கு ஒவ்வாதது.

சிறிய காருக்குப் பாதகமான பாதி இனி வருவது. அதன் அடித்தட்டு வீதியிலிருந்து ஒரு சாண் உயரமும் இல்லை. அவ்வுயரத்தினும் ஆழமான பனியிற் புகுந்தால், கார் வயிற்றினாற் பனியின்மேற் கிடக்கும்; சில்லுகளின்மீது நிறை விழாது; எத்துணை நல்ல ரயரும் பயன்படாது. பாரவண்டிகள் ஓடி உண்டாக்கிய ஆழமான சில்லுத்தடங்களும் வீதி துப்புரவாக்கும் வண்டி ஓரத்திற் குவித்துச் செல்லும் பனிவரம்பும் சிறிய காருக்கே கூடிய இடர். மோதல் நேரிடின் திணிவு குறைந்த வண்டியே கூடுதலாகத் தள்ளுண்ணும். உள்ளிருப்போரே அதிர்ச்சியைத் தாங்குவர். நிற்குந் தூரக் கணக்கிலே காணாமற்போன திணிவு மோதலிலே திரும்பி வந்து தன் கடனை அறவிடுகின்றது. ஆதலின் சிறிய காரின் சாரதி மோதாமலே இருத்தற்கு மற்றவனிலும் கூடிய தூரம் விட்டுச் செல்லல் வேண்டும்.

ரயரைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். ஏனெனிற் பணத்தைச் செலவிடத் தக்க இடம் இதுவே. சாதாரண ரயரின் இறப்பர் ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். விறைத்த இறப்பர் வீதியின் நுண்ணிய மேடு பள்ளங்களிற் படிந்து பிடிக்காது. குளிர்கால ரயரின் இறப்பர் கடுங்குளிரிலும் மென்மையாய் இருக்குமாறு கலக்கப்பட்டது. அதன் முகத்திலே கத்தியாற் கீறினாற்போன்ற நுண்பிளவுகள் பல உள. அவற்றின் விளிம்புகள் பனியைக் கௌவுகின்றன. மும்முடி மலையும் அதனுட் பனித்துகளும் பொறித்த அடையாளமுடைய ரயர், வெண்பனியிற் பரிசோதிக்கப்பட்டது. கனடாவின் கியூபெக் மாகாணத்திலே 2008 முதல் இத்தகைய ரயர் சட்டத்தால் விதிக்கப்பட்டுள்ளது. இப்போது அது மார்கழி 1 முதல் பங்குனி 15 வரை, அதாவது ஆங்கில டிசம்பர் முதல் மார்ச்சு நடுப்பகுதி வரை, கட்டாயம். அயலிலுள்ள ஒன்ராறியோவிற் கட்டாயமில்லை. எனினும் அதனைப் பூட்டுவோருக்குக் காப்புறுதிக் கட்டணத்திற் கழிவு கொடுக்கவேண்டுமென 2016 முதல் விதி உண்டு. ஜேர்மனியிலே வீதி பனிமூடியிருக்கும்போது குளிர்கால ரயரின்றிச் செலுத்துதல் 2010 முதற் குற்றம். நான்கு சில்லுகளுக்கும் அதனைப் பூட்டல் வேண்டும். செலவுக்கு அஞ்சி முன்சில்லிரண்டிற்கு மாத்திரம் பூட்டினால், பிறேக்கு மிதிக்கும்போது முன்புறம் பிடிக்கப் பின்புறம் வழுக்கிக் கார் பம்பரம்போலச் சுற்றும்.

செலுத்தும் முறையைச் சுருங்கக் கூறலாம். எல்லாம் அந்தச் சிறிய உராய்வு முதலைச் சிக்கனமாய்ச் செலவிடும் வழிகளே. கையாற் கியர் மாற்றும் காராயின் இரண்டாங் கியரிலே, கிளச்சை மெல்ல விட்டுப் புறப்படுக. வளைவை அடையுமுன் நேர்வீதியிலேயே கதியைக் குறைத்து, வளைவினுட் பிறேக்கையும் பெற்றோல் மிதியையும் தொடாது உருண்டு செல்க. முன்னே செல்லும் வண்டிக்குக் கோடையில் விடும் இடைவெளியின் மூன்று நான்கு மடங்கு விடுக. மேடேறும்போது இடையில் நிறுத்தாதிருக்குமாறு முன்வண்டி ஏறி முடியும்வரை அடியிலே காத்துநிற்றல் அறிவுடைமை. முன்சில்லு இயக்கக் கார் சுக்கானுக்கு இணங்காது நேரே வழுக்கின், பெற்றோல் மிதியிலிருந்து காலை எடுத்து, சுக்கானை இன்னும் முறுக்காது சற்றே நேராக்கினாற் பிடி மீளும். பின்புறம் வலப்பக்கமாக வழுக்கின் சுக்கானையும் வலப்பக்கமே திருப்புதல் வேண்டும்; மனம் மறுபக்கமே திருப்பச் சொல்லும்; பரந்த வெறுந்திடலிற் பழகினாலன்றி அம்மனத்தை வெல்லல் அரிது.

பிறேக்கினைப் பற்றிய பழைய அறிவுரை இன்று மாறிவிட்டது. மிதித்தும் விட்டும் மிதிக்குக என்பது பழையோர் பாடம். 1978இல் ஜேர்மனியிற் பொஷ் நிறுவனம் வெளியிட்ட, சில்லு இறுகிப் பூட்டாது காக்கும் பிறேக்கு இப்போது சிறிய கார்களிலும் உண்டு. அதனை உறுதியாக மிதித்து விடாது பிடித்தல் வேண்டும். காலின் கீழே அது நடுங்குதல் பழுதன்று. ஆயின் அதனாற் கிடைக்கும் பயன், பிறேக்கு மிதித்தவாறே காரைத் திருப்பக்கூடியதாய் இருத்தலே. ஆழ்ந்த மென்பனியிலே, பூட்டிய சில்லு தன் முன்னே பனியை ஆப்புப்போலக் குவித்துத் தடைசெய்யும். அங்கே புதிய பிறேக்கு பழையதினும் நீண்ட தூரத்தில் நிறுத்துவதும் உண்டு.

குளிர் காரின் உள்ளுறுப்புகளையுந் தாக்கும். நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பெருகும். குளிர்த்தும் நீர் உறைந்தால் எஞ்சினின் இரும்பும் வெடிக்கும். எதிலீன் கிளைக்கோலை நீரோடு சமபங்கு கலந்தால் அக்கலவை பூச்சியத்தின் கீழ் 37 பாகைவரை உறையாது. வொக்ஸ்வாகன் வண்டிற்கு இக்கவலை இல்லை. அது காற்றாற் குளிர்த்தப்படுவது. வின்னிபெக் முதலிய இடங்களிற் காரின் முகப்பிலே மின்செருகி ஒன்று தொங்கக் காணலாம். இரவெல்லாம் எஞ்சினை மின்சாரத்தாற் சூடாக்கி வைப்பதற்கானது அது. மினியின் முதன்மாதிரிகளிலும் குளிர் தன் கைவரிசையைக் காட்டியது. அவற்றிற் காபரேற்றர் முன்புறம் இருக்க, அதனுட் பனிக்கட்டி படிந்து அடைத்தது. எஞ்சினைப் புறம்மாற்றி வைத்தனர். அதனால் தீப்பொறியைப் பகிரும் கருவி முன்னே வந்து, வெளிவந்த கார்கள் பல மழையிலே நனைந்து நின்றன.

பனியிற் புதைந்து நின்ற காரிலே குளிரினும் கொடிய ஆபத்து ஒன்று உண்டு. சூட்டுக்காக எஞ்சினை ஓடவிட்டு உள்ளே இருக்கும்போது, புகைக்குழாயின் வாயைப் பனி மூடியிருந்தால் காபனோரொட்சைட்டு வாயு அடியிலே தேங்கிக் காரினுட் புகும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. இருப்போர்க்கு உறக்கம் வருவதுபோலத் தோன்றும். சிறிய காரின் குழாய் தாழ்ந்திருத்தலால் அது விரைவில் மூடப்படும். உள்ளிடம் சிறிதாதலால் வாயு விரைவிற் செறியும். 2016 தை மாதத்திலே அமெரிக்காவின் கிழக்குக் கரையைத் தாக்கிய பனிப்புயலின்போது, நியூ ஜேர்சி மாநிலத்திலே தகப்பன் வெளியே நின்று காரைச் சூழ்ந்த பனியை வாரிக்கொண்டிருக்க, உள்ளே சூட்டுக்காக இருந்த தாயும் குழந்தையும் மாண்டனர். புகைக்குழாயின் வாயை முதலில் துப்புரவாக்கிய பின்னரே எஞ்சினை இயக்கல் வேண்டும். வழியில் அகப்பட்டோர் மணிக்குப் பத்து நிமிடமளவு ஓடவிட்டு, காற்றுப் படாத பக்கத்துக் கண்ணாடியைச் சிறிது திறந்து வைத்தல் வேண்டும். கம்பளியும் மண்வாரியும் ஒரு பை மணலும் காரிலே இருப்பின் அதிகம் காத்திருக்க நேராது. பெரிய வண்டி புதைந்தால் இழுவை வண்டிக்கே காத்திருக்க வேண்டும்; சிறிய காரையோ வழிப்போக்கர் மூவர் சேர்ந்து தள்ளிவிடலாம்.

பனியை உருக்க வீதியிலே தூவும் உப்பு, கடுங்குளிரிற் பயனற்றுப்போகும். பூச்சியத்தின் கீழ் 21 பாகைக்குப் பின் உப்புநீரும் உறைந்துவிடும். ஆயின் அது இரும்பை அரிப்பதில் ஓய்வதில்லை. பங்குனியிற் பனி கரைந்ததும் அறிந்தோர் காரின் அடிப்புறத்தை முதலிற் கழுவுவிப்பர். அவ்வாறு கழுவப்படாத பழைய மினிகளிலே மேற்றகடு பளபளப்பாய் இருக்கும்போதே பின்சில்லுகளைத் தாங்கும் அடிச்சட்டம் துருவுண்டு போயிருக்கக் கண்டவர் பலர்.